எலுமிச்சை பிழிந்த பீர்

1982 மே மாதம். காலை ஏழே முக்காலுக்குக் கோவில்பட்டி நிலையத்தில் இறங்கினேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம். சென்னையிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இடைசெவலில் என் தம்பி சீனிவாசன் தொண்டைப் புற்றோடு படுத்திருந்தான். "விரும்பியதைக் கொடுங்கள்" என்று மதுரை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சி இறங்கவில்லை, தண்ணீர்கூடக் கசக்கிறதாம். வாலிபத்தில் பம்பாய் மில்லில் இருந்தபோது, கோடையில் எலுமிச்சை பிழிந்து குடித்த பீரைத்தான் கேட்கிறான் என்று அவன் மனைவி ராஜம் டிரங்க் காலில் சொன்னாள். அறுபத்தொன்பது வயதுவரை அந்தப் பாட்டிலை நான் கையால் தொட்டதில்லை.

கோவில்பட்டியில் மதுக்கடை பத்து மணிக்குத்தான் திறந்தது.

"கடுசாவா, லேசாவா அண்ணாச்சி?"

"நோயாளிக்கு. தொண்டை எரியக் கூடாது."

கடைக்காரர் ஐஸ் பெட்டியின் அடியில் துழாவி ஒன்றை எடுத்தார். பதினொரு ரூபாய். சந்தையில் எலுமிச்சம்பழம் ஒன்று நாற்பது காசு, அநியாயம்; இரண்டு வாங்கினேன். ஐஸ் கட்டியையும் மரத்தூளையும் சுற்றி வைத்துப் பையைக் கட்டினேன். பத்தே முக்கால் பஸ்.

ஏழு மைலும் வெயில்தான். கரிசல் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பருத்திமார் பிடுங்கிய காட்டில் உடைமரங்கள் மட்டும் நின்றன. மடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பைக்குள்ள என்ன அண்ணாச்சி, ஒழுகுது?" என்றார் நடத்துநர்.

"மருந்து."

பாட்டிலின் கழுத்தைப் பார்த்துவிட்டார். "இந்த மருந்துன்னா நானும் சீக்காளிதான்!"

பஸ்ஸே சிரித்தது. ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி பாதியாகியிருந்தான். டம்ளரில் ஊற்றி, பழத்தைப் பிழிந்து நீட்டினேன். வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"அத்தான், அவிய உங்க முன்னால குடிக்க மாட்டாவ," என்றாள் ராஜம்.

வாசலுக்குப் போய் நின்றேன். சற்று நேரத்தில் அவளும் வந்தாள். "வாசல்லதான நிக்காவன்னு வாயத் திறக்கல. நுரையெல்லாம் அடங்கிப் போச்சு."

திரும்ப உள்ளே போனேன். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். முதலில் எலுமிச்சையின் புளிப்பு. பிறகு வேப்பம்பூ ரசம்போல் லேசான கசப்பு. சில்லென்று நெஞ்சுவரை இறங்கியது. நுரை மீசையில் ஒட்டியது. தம்பி திரும்பி என்னையே பார்த்தான்.

"எப்படி இருக்கு?" குரல் காற்றாக வந்தது.

"குடிக்கலாம்போலத்தான் இருக்கு. நீயும் குடிலே."

"பழம் பத்தாது. இன்னும் அரைப் பழம் பிழியுங்க."

பிழிந்தேன். எழுந்து உட்கார அவனுக்குத் தெம்பில்லை. கட்டிலில் ஏறி அவன் முதுகை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். நான் வந்தால் எழுந்து நிற்கிறவன். என்னோடு ஒரே கட்டிலில் அவன் உட்கார்ந்ததே இல்லை. ஐந்து மிடறு இறங்கியது. ராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மீதியை டம்ளரோடு என் பக்கம் தள்ளினான். குடித்தேன்.

சென்னையில் என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் என் எதிரிலேயே பீர் குடிப்பான். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இங்கே ஒருவன் சாகப் போகிற நேரத்திலும் எனக்காக வாயை மூடிக்கொண்டு தாகத்தோடு கிடந்தான். எது பெரிய மரியாதை என்று இத்தனை வயதாகியும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த தடவ ரெண்டு பாட்டிலா வாங்கியாங்க. ஒண்ணு நம்ம ரெண்டு பேருக்குக் காணாது."

"வாங்கியாரேன்," என்றேன். அவன் உடனே கையை விடவில்லை. நானும் பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை.