பொங்கலால் தேறியவள்

கம்பெனி லைனில் நான் மயங்கி விழுந்தபோது முதலில் ஓடிவந்தது சூப்பர்வைசர். என்னைத் தூக்க அல்ல, லைன் நின்றுவிட்டதா என்று பார்க்க. நிற்கவில்லை என்று தெரிந்ததும்தான் "தண்ணி கொண்டாங்க" என்றார். கார்களுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டுவது எங்கள் வேலை. ஒரு வண்டிக்குள் எத்தனை வயர் ஓடுகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் கம்பெனி டாக்டர் சொன்னார். ஒன்றும் ஓடவில்லையாம்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"பொங்கல் சார். கேன்டீன்ல, எட்டு மணி பிரேக்குல."

"அதுக்கு முன்னாடி?"

"டீ."

பிள்ளைப்பாக்கத்தில் நாலே முக்காலுக்கு பஸ். அதற்குமுன் வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதில் டீ குடிப்பதே பெரிய சாதனை. டாக்டர் அதைப் பாராட்டவில்லை. சீட்டில் எழுதினார்: காலையில் புரதம் வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி சோதனை, அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை. அந்தச் சோதனையில் 'ஃபிட்' என்று கையெழுத்து விழாவிட்டால் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். இதை டாக்டர் சொல்லவில்லை, சூப்பர்வைசர் சொன்னார். இந்த மாதிரி விஷயமெல்லாம் அவர் மறக்காமல் சொல்வார்.

என்னை லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்துகொண்டு பயப்பட வசதியாக இருந்தது.

வீட்டில் முட்டை வாங்காமல் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு இரண்டு. அவருக்கு உடம்பு வேலை, பாவம், ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார். எனக்கு வருவது உரிக்கிற வேலை. சரி, பொட்டுக்கடலை தின்போம் என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் பிரித்தேன். "இன்னாக்கா அது?" என்று ஒரு கை நீண்டது. அப்புறம் நாலு கை. கம்பெனி இருக்கும் ஒரகடம் வருவதற்குள் பஸ் முழுக்கப் புரதம் ஏறியிருந்தது, எனக்குக் கிடைத்தது காகிதம். ஒரு வாரம் இப்படி ஊருக்கு உபகாரம் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

ஒருத்தி விழுந்தது கம்பெனிக்கு உறுத்தியிருக்க வேண்டும். சத்துணவு பற்றிப் பேச சென்னையிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் காலைப் புரதம் என்று படம் போட்டுக் காட்டினார். பழுத்த அவகாடோவை ரொட்டியில் தடவ வேண்டும். கெட்டித் தயிரில் பாதாம் தூவ வேண்டும். ஏதோ விதையை முதல்நாளே ஊறவைக்க வேண்டும். "உங்களுக்காக ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க" என்று கண்ணில் கருணையோடு சொன்னார். லைனில் எனக்கு அடுத்து நிற்கிறவள் வாயை அடக்கத் தெரியாதவள். "மேடம், அந்த அஞ்சு நிமிஷம் எந்தக் கடையில வாங்கலாம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். அவருக்குப் புரியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நல்லது ஒன்று நடந்தது. காலைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு அவித்த முட்டை தருவதாக ஹெச்.ஆர். மேடம் அறிவித்தார். ஒரு மாதம் சோதனை, வரவேற்பு இருந்தால் தொடரும். அவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், படித்தவர், எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்வார். காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. முட்டை வந்து இறங்கியது புரட்டாசி ஒன்றாம் தேதி.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி என்றால் கறிக்கடைக்காரரே ஊருக்குப் போய்விடுவார். என் புகுந்த வீட்டில் முட்டை வேகவைத்த பாத்திரத்தைக்கூடப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கேன்டீனில் முட்டை எடுக்க கார்டை பஞ்ச் பண்ண வேண்டும். பண்ணினால் மேலே டி.வி.யில் நம் போட்டோவும் பெயரும் வந்து, 'முட்டை: 1' என்று எழுத்து ஓடும். என் தெருவிலிருந்து பத்துப் பேர் அதே ஷிப்டில் இருக்கிறார்கள். என் நாத்தனாரும் இருக்கிறாள். பெருமாள் மன்னித்தாலும் அந்த டி.வி. மன்னிக்காது.

அடுத்து நிற்கிறவள் சர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்குப் புரட்டாசி கிடையாது. தினமும் டி.வி.யில் வந்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து உப்பு மிளகு போட்டுத் தின்பாள்.

"இன்னிக்கும் பொங்கலா?"

"விரதம்டி."

"டாக்டர் சீட்ல உங்க பெருமாளா கையெழுத்து போடப்போறாரு?"

நாலாம் நாள் அவளே வழி செய்தாள். மிச்ச முட்டையெல்லாம் குப்பைக்குத்தான் போகிறது என்று பரிமாறும் அண்ணனிடம் பேசி, இரண்டை டம்ளரில் போட்டு மூடிக்கொண்டு வந்தாள். "பின்னாடி சிலிண்டர் வெக்கிற சந்துல யாரும் வர மாட்டாங்க, போய்த் தின்னு." கோவிந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஒன்றை உரித்து வாயில் போட்டபடியே சந்துக்குள் நுழைந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி சுவரைப் பார்த்து நின்று மென்றுகொண்டிருந்தாள். திரும்பினாள். என் நாத்தனார்.

இரண்டு பேர் வாயிலும் முட்டை. அவசரமாக விழுங்கினோம்.

"அண்ணி, வூட்ல சொல்லிடாதீங்க."

"நீயும் சொல்லாத."

பத்து நாளில் அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. என் தெரு, பக்கத்துத் தெரு, நெற்றியில் நாமத்தோடு இரண்டு பேர். மாலை போட்ட மாதிரி ஒழுங்காக வருவோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல் மெல்லுவோம், ஓடுகளை ஒரே கவரில் போட்டுக் கட்டுவோம். ஒருவர் கார்டும் பஞ்ச் ஆகவில்லை. எனக்கு மயக்கம் நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. மாத முடிவில் டாக்டர் சோதித்துவிட்டு 'ஃபிட்' என்று எழுதினார். அதைப் பார்த்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் அழுதேன். கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: மூன்று மாதம் கழித்து மறுபடி வரவும்.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது கூட்டம் போட்டார்கள். முட்டைக்கு வரவேற்பே இல்லை என்றார் ஹெச்.ஆர். மேடம், கணினி சொல்கிறது. தொழிலாளர்களின் விருப்பத்தைக் கம்பெனி மதிக்கிறது என்றார். அப்புறம் திரையில் என் போட்டோ வந்தது.

"இந்த சிஸ்டர் போன மாசம் மயங்கி விழுந்தாங்க. ஒரு முட்டைகூட எடுக்கல. நம்ம பொங்கல்தான் சாப்பிட்டாங்க. இப்போ ஃபிட்! நம்ம பாரம்பரிய உணவோட சக்தி பாருங்க. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். நாத்தனார்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். சந்துக்காரர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். அடுத்து நிற்கிறவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுந்து கும்பிட்டேன்.

"நல்லாக் கும்புட்ட," என்றாள் வெளியே வந்ததும். "இனிமே பொங்கலே துன்னு." அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி பிறந்த அன்று தெருவே கார்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. முட்டை இல்லை. பொங்கலில் முந்திரி கூடுதலாகப் போட்டிருந்தார்கள். நான் மேலே போய் ஹெச்.ஆர். மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"முட்டையா? உங்களுக்கு எதுக்குங்க?" என்று சிரித்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

இப்போது பொங்கல் எடுக்கும் இடத்துக்கு மேலே என் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கும்பிட்டபடி சிரிக்கிறேன். மறுசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று அதன் கீழே தட்டோடு நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று பார்த்தேன், பார்க்கவில்லை. பரிமாறும் அண்ணன் பார்த்துவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.