கயிறு பிடிக்கும் மச்சினன்

எலுமிச்சை வாசம் பட்டாலே எனக்குக் கொழும்புக் கப்பல் நினைவுக்கு வருகிறது. வாந்திக்குப் பயந்து வழி முழுக்க ஒரு பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். சங்கரன்கோவில் ஸ்டேஷனில், புளியங்குடி எலுமிச்சைக் கூடைகளுக்கு நடுவே, பக்கத்திலிருக்கும் தூத்துக்குடிக்காரரிடம் அதைச் சொல்கிறேன்.

"தண்ணிக்கு மேல போனதுக்கேவா அண்ணாச்சி? நான் அடியில போறவம்லா" என்று சிரிக்கிறார்.

உலக யுத்தத்தின்போது மாலத்தீவுப் பக்கம் மூழ்கிய கப்பலில் பித்தளை கழற்றப் போகிறாராம். இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்குவார். மேலே அதைப் பிடிப்பவன் எப்போதும் மனைவியின் தம்பி. அவனோ, ஒரு கல்யாணப் பந்தியில் இவர் செய்த கேலிக்காக ஆறு மாதமாகப் பேசுவதில்லை. நேற்று இந்த ஊருக்கு வந்து, வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வேறு ஆள் கிடைக்காதா?"

"ஆளுக்கென்ன, கிடைப்பான். அக்கா தாலின்னா இவன் பிடி தளராது. மத்தவனுக்கு அது வெறுங்கயிறுதான?"

விருதுநகர் வண்டி வருகிறது. இருவரும் ஏறுகிறோம்; என் எதிரே உட்காருகிறார். இப்போது சிரிப்பில்லை. தலையில் நூல் பிசிறு ஒட்டிய ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் மனைவி ஓடி வருகிறாள். மச்சினன் ஏறி, அவரைப் பாராமல், அடுத்த பெஞ்சில் உட்காருகிறான். வண்டி நகர்கிறது. அவள் ஜன்னலோடு கூடவே நடந்து தம்பியிடம் சொல்கிறாள்:

"ஏலே, அத்தான்கிட்ட நீ பேசாட்டாலும் போவுது. கயித்த மட்டும் விட்டுராத, மக்கா."