சாய்க்கிற வெட்டா, பால் வெட்டா?

பிள்ளைகளா, "எங்க அப்பா ஆஸ்பத்திரியில ஆள வெட்டுறவரு" என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்வதாக உங்கள் வாத்தியார் சொல்லிச் சிரித்தார். நான் வெட்டுகிறவன் இல்லை. ஆப்பரேஷன் தியேட்டரில் கத்தியையும் உளியையும் கொதிநீரில் போட்டு எடுப்பேன். டாக்டர் சொல்கிறபடி நோயாளியின் காலையோ கையையோ அசையாமல் பிடித்துக்கொள்வேன். மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருப்பதால், டாக்டர் பேசுவதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கருப்பையா என்பவரை ரயிலில் கொண்டுவந்தார்கள். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் ரப்பர் பால் நிறைந்த வாளி. கால்வாய்ப் பலகையில் வழுக்கி, முழங்கால் உள்பக்கமாக மடங்கி விழுந்திருக்கிறார்.

எக்ஸ்ரே கண்ணாடியை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்புக்கு டிபியா என்று பெயர். அதன் தலை மேசைப் பலகை மாதிரி இருக்கும். தொடை எலும்பு அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கருப்பையாவுக்கு அந்த மேசையின் வெளிப்பாதி உள்ளே அமுங்கிக் கிடந்தது. உரலில் உலக்கை இறங்கினது போல.

அப்படியே விட்டால் கால் கோணிக்கொள்ளும். ஆகவே திறந்து, அமுங்கினதைத் தூக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் திறப்பது என்பதில்தான் பேச்சு. முன்பக்கம் அகலமாகத் திறந்தால் எல்லாம் நன்றாகத் தெரியுமே என்றார் சின்ன டாக்டர். "தெரியும். பிறகு முட்டி மடங்காது" என்றார் வெள்ளைக்காரப் பெரிய டாக்டர். வெளிப்பக்கமாகப் போவதென்று முடிவாயிற்று. அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது, அதில் கத்தி பட்டால் பாதம் தொங்கிவிடும் என்றும் சொன்னார். ஒரு முழங்காலுக்குள் போவதற்கு இத்தனை வழியா என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது.

மறுநாள் காலை வார்டில் ஒரே சத்தம். கருப்பையாவின் மனைவி வீராயி, கணவரின் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கூடவே தோட்டத்துக் கங்காணி.

"கால வெட்டப் போறாங்களாமே! கங்காணி சொல்லிட்டாரு. ஒத்தக் காலோட இவர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மலாய்க்காரங்க இருக்கிற கம்பத்துல ஒரு வைத்தியர் இருக்காரு, எலும்பக் கட்டிடுவாரு. எழுந்திரிங்க, போலாம்!"

"வார்டு ஆளுதான்யா சொன்னான், 'நாளைக்கு கால வெட்டுறாங்க'ன்னு" என்றார் கங்காணி.

கட்டிலில் கிடந்த கருப்பையா மட்டும் பதறவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, எந்த வெட்டு? சாய்க்கிற வெட்டா, பால் வெட்டா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் டவுனில் வளர்ந்தவன்.

"அலமாக்! இதுகூடத் தெரியாதா? நாங்க தெனமும் மரம் வெட்டுறோம். மரம் நிக்குதா இல்லியா? பட்டையத்தான் வெட்டுறோம். மரத்த விழ வக்கிறது சாய்க்கிறது. என் கால வெட்டுறாங்களா, சாய்க்கிறாங்களா?"

"பால் வெட்டுதான்யா" என்றேன்.

"கேட்டியா புள்ள? மூட்டைய எறக்கு." உடனே அடுத்த கேள்வி. "எந்தப் பக்கம்? நேரா வெட்டா, சரிவா? கத்தி மரத்தத் தொடுமா? எங்க கத்தி பட்டையத் தாண்டி மரத்தத் தொட்டா துரை தோலை உரிச்சிடுவாரு."

இதற்கு நானாகப் பதில் சொல்லக் கூடாது. பெரிய டாக்டரையே அழைத்துவந்தேன். விஷயம் கேட்டுச் சிரித்தவர், ஊதா மருந்தைக் குச்சியில் தொட்டு, கருப்பையாவின் முழங்காலுக்கு வெளியோரமாக வளைவாய் ஒரு கோடு இழுத்தார். "இந்த வழியாகப் போய், அமுங்கின எலும்பை அடியிலிருந்து நெம்புவோம். இடுப்பிலிருந்து எலும்புச் சில்லு எடுத்து அண்டக் கொடுத்து, ஸ்க்ரூ போடுவோம்" என்றார். அத்தனையையும் நான் தமிழில் சொன்னேன். பிறகு அவரே, சம்மதமா என்பதற்கு மலாயில், "போலே?" என்று கேட்டார்.

"போலே துவான்!" என்றார் கருப்பையா. "கோடு நல்லாத்தான் போட்டிருக்காரு. நம்ம தோட்டத்துக்கு வந்தா வெட்ட ஒரு நிரை மரம் குடுக்கலாம்."

வீராயி சிரிக்கவில்லை. டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க கூடப் பொறந்தவரா இருந்தா இப்படி வெட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேம்மா. ஆனா முன்ன மாதிரி முழுசா மடங்கும்னு சொல்ல மாட்டேன். டாக்டரும் சொல்லல."

அவர் வெகுநேரம் அந்த ஊதாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தபின் காலை நான்தான் பிடித்திருந்தேன். தட்டை உளி உள்ளே போய் நெம்பியபோது, அமுங்கிக் கிடந்த எலும்பு மெதுவாக மேலே வந்து மட்டமானதைக் கண்ணால் பார்த்தேன். நம் உடம்புக்குள் அப்படி ஒரு பளபளப்பான வெள்ளை இருக்கிறது, பிள்ளைகளா. கழுவின பீங்கான் தோற்றுப்போகும்.

சில மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்து, நடக்கப் பழக்கினபின் கருப்பையா நடந்தார். பாதம் தொங்கவில்லை. கால் கோணவில்லை. ஆனால் குந்தி உட்கார முடியவில்லை. பாதிக்குமேல் முட்டி மடங்க மறுத்தது. ரப்பர் மரத்தில் அடிப்பட்டையை வெட்டக் குந்தித்தான் ஆக வேண்டும்.

எனக்கு மனம் கனத்துவிட்டது. கருப்பையா மனைவியைப் பார்த்தார். "ஏ புள்ள, கீழ் வெட்டு இனிமே ஒனக்கு. மேல் வெட்டு எனக்கு. ஒரே மரந்தானே?"

"ஆமாமா, குனியிற வேலையெல்லாம் எனக்கு. நல்லா யோசிச்சுத்தான் கால ஒடச்சிருக்கீங்க" என்றார் வீராயி. அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அதன்பிறகு எந்த நோயாளியிடம் பேசினாலும், நான் சொன்னது உங்கள் காதில் என்னவாக விழுந்தது என்று திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுங்கள்.

அவர்கள் இருவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போன பின், தியேட்டர்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நடையில் ஒருவரும் இல்லை. முழங்காலின் வெளிப்பக்கம் கையை வைத்துக்கொண்டு, தரையில் முழுதாகக் குந்தி உட்கார்ந்தேன். எலும்பு உள்ளே நகர்வது உள்ளங்கையில் தெரிந்தது. மெல்ல எழுந்தேன். மறுபடியும் குந்தினேன்.