பெரியப்பா கேட்டு வாங்கித் தின்ற மக்ரூன்

பொழுது சாயத் தொடங்கினால் போதும், எங்கள் வீட்டுச் சன்னல் வழியே இரண்டு மணங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உள்ளே வரும். ஒன்று கடற்கரைப் பக்கம் காயப்போட்டிருக்கிற கருவாட்டின் வாடை, மற்றது தெருமுனை ரொட்டிக்கடையின் விறகடுப்பில் சீனியும் முந்திரியும் இளஞ்சூட்டில் காய்கிற மணம். முதல் மணத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்துகிற அம்மா, இரண்டாவதற்காக உடனே அதை எடுத்துவிடுவாள். தூத்துக்குடியில் குடியிருப்பது என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் மூச்சுவிட வேண்டும் என்பதை வந்த புதிதிலேயே அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

நாங்கள் ஊர்விட்டுப் பிழைக்க வந்தவர்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீரில் நெல் போடுகிற சைவக் குடும்பம் எங்களுடையது. எழுபதுகளில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்தபோது அப்பாவுக்கு அங்கே குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. பஸ் ஏறினால் காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்தான், ஆனாலும் எங்களுக்கு அது வெளிநாடு. தண்ணீர் உப்புக் கரித்தது, தெரு முழுக்க மாதா படம் மாட்டிய வேதக்கார வீடுகள், எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், கப்பல் சங்கு ஊதினால் பாத்திரம் அதிர்ந்தது.

ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஊரை நினைத்து ஏங்குவார்கள் என்று ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா ஏங்கவில்லை. ஒரு நாள்கூட ஏங்கவில்லை, அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்? கூட்டுக் குடும்பத்தில் பன்னிரண்டு பேருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஆறிப்போனதைத் தின்றவளுக்கு, இங்கே இரண்டே அறை கொண்ட வாடகை வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவள் அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். ஊரில் பெரியவர்கள் இருக்கிற தெருவில் பெண்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது; இங்கே சிவப்பு வார் வைத்த செருப்பு வாங்கி, மத்தியான வெயிலில் சினிமாவுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திரேசக்காவோடு பழைய துறைமுகம் வரை நடந்து, கொழும்புக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிகளைப் பார்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருப்பாள். "என்னளா பாக்க?" என்று திரேசக்கா கேட்டால், "சும்மாதான்க்கா, யாரும் என்னத் தேட மாட்டாங்கல்லா" என்பாள்.

இந்தச் சந்தோஷங்களில் எல்லாம் தலையாயது சனிக்கிழமை மக்ரூன். கையகலக் காகிதப் பொட்டலத்தில், உச்சியில் சின்னக் கூம்பு வைத்து வெள்ளை வெளேர் என்று இருக்கும். கடித்தால் நொறுங்கும், நாக்கில் பட்டால் கரைந்துவிடும், கடைசியில் பல்லிடுக்கில் கொஞ்சம் முந்திரி மட்டும் மிச்சமிருக்கும். எந்தத் தின்பண்டம் வந்தாலும் முதலில் சாமிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், சனிக்கிழமைதோறும் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு மக்ரூனை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எனக்குக் கிடைக்கும். சீனி, முந்திரி, வேறென்ன இருக்கப்போகிறது அதில்? எங்கள் ஊரில் ரொட்டிக்கடையே கிடையாது. அதில் என்ன போடுவார்கள் என்று கேட்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வரப்போவதாகச் சொல்லியனுப்பினார். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா உத்தியோகத்துக்குப் புறப்பட்டபோதே, "ஒரு வருசம் பாப்பேன். வீடு வீடா இல்லன்னா பொம்பளையும் பிள்ளையும் ஊருக்கு வந்திரணும், நீ எங்கயாவது மெஸ்ஸுல சாப்பிட்டுக்கோ" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்த வருசம் முடிந்திருந்தது. போதாக்குறைக்கு, அம்மாவைச் சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்த எந்தப் புண்ணியவானோ ஊரில் போய் வத்தி வைத்திருந்தான்.

அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். "ஏளா, பெரியப்பா முன்னால வாயத் தொறக்கப்படாது. நாம இங்கன இருக்கதும் மூட்டையக் கட்டுததும் அவுக ரெண்டு நாளு இருந்து பாத்துட்டுச் சொல்லுததுலதான் இருக்கு. கேட்டியா?" என்றாள். எனக்கு ஒன்பது வயசு. அவள் அப்படிப் பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

செருப்பு திரேசக்கா வீட்டுக்குப் போனது, வாரப் பத்திரிகைகள் அதன் பின்னாலேயே போயின. நாற்காலியில் அப்பாவின் சட்டையை மடித்து வைத்து, அதில் யாரும் உட்காராத மாதிரி ஆக்கினாள். தரையை இரண்டு தடவை கழுவினாள், குழாயடிச் சண்டைக்குப் பயப்படாமல். திரேசக்காவிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி நின்றாள், அந்த அக்காவே புரிந்துகொண்டு, "ரெண்டு நாளு எங்க வீட்லயும் மீன் கெடையாது, போதுமா? எங்க வீட்டுக்காரரு ரசத்தக் கண்டு அழட்டும்" என்றாள். அந்த மனுசர் இரண்டு நாளும் முறைத்துக்கொண்டே திரிந்தார், பாவம்.

பெரியப்பா ஒரு காலையில் அரிசி மூட்டையும் வாழைத்தாருமாக வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு, வாயில் அநாவசியமாக ஒரு சொல் கிடையாது. அடுக்களையை எட்டிப் பார்த்தார், புறவாசலைப் பார்த்தார், குடத்தைத் திறந்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். என் பள்ளிக்கூட நோட்டை வாங்கிப் புரட்டினார். "ம்" என்றார். அந்த "ம்" நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று தெரியாமல் அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. பெரியப்பா சொல்லாமல் சாப்பிட்டார். சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சாயங்காலம் காப்பியோடு அம்மா ஒரு தட்டில் மக்ரூன் வைத்தாள். அவருக்கு இனிப்பில் ஆசை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றை எடுத்துச் சந்தேகமாகப் பார்த்து வாயில் போட்டார். பிறகு, "என்னளா இது, வாயில வச்சதும் காணாமப் போவுது?" என்றார். தட்டை நோக்கிக் கை தானாக நீண்டது. "இன்னும் ரெண்டு கொண்டா" என்று கேட்டே வாங்கித் தின்றார். எங்கள் வீட்டில் பெரியப்பா எதையும் கேட்டு வாங்கித் தின்று யாரும் பார்த்ததில்லை. அதோடு விடவில்லை. மறுநாள் சாயங்காலம் ஊர் முருகன் கோயிலில் எங்கள் குடும்பத்து மண்டகப்படி, அன்றைய பூசையும் செலவும் எங்களுடையது. "நாளைக்கு ஒரு டின்னு நெறைய வாங்கிக் குடு. சாமி முன்னால வச்சுப் பிள்ளைகளுக்குக் குடுப்போம்" என்றார். அடுக்களைக்குள் வந்த அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நாம பொழச்சோம்டி" என்றாள்.

டின் நிறைய வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதால், காலையில் மாதா கோயிலுக்குப் புறப்பட்ட திரேசக்காவோடு சேர்ந்து அம்மாவும் நானும் ரொட்டிக்கடைக்குப் போனோம். கடை திறக்கவில்லை, பின்வாசல் வழியாக உள்ளே போகச் சொன்னார்கள். அங்கே கடைக்கார அண்ணாச்சி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, வெள்ளைக் கருவை ஒரு பெரிய சட்டியிலும் மஞ்சள் கருவை இன்னொன்றிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை நிறைய ஓடு. வேறொரு சட்டியில் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தது நுரைத்து நுரைத்து, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளை நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள்.

"மக்ரூனுக்குத்தாம்மா. வெள்ளக் கருவு, சீனி, அண்டிப்பருப்பு. வேற ஒண்ணும் சேக்க மாட்டோம், சுத்தமான சரக்கு" என்றார் அவர், பெருமையாக.

அம்மா திரும்பித் தெருவுக்கு வந்தாள். "ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்று திரேசக்காவைக் கேட்டாள். "நீ தெரிஞ்சுதான் திங்கேன்னு நெனச்சேன்ளா. ஊர விட்டு வந்தவங்க ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கத்தானே செய்வாங்க, அதக் கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு இருந்தேன்" என்றாள் அந்த அக்கா. அவள் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

பெரியப்பா முன்னறையில் பூசைக்கு உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசியது எனக்கு முழுசாகக் கேட்டது. "கடை அடைச்சிருக்குன்னு சொல்லிரு. அவரு பஸ் ஏறிப் போகட்டும்" என்றார் அப்பா. "நேத்துத் தின்னாகளே?" "தெரியாமத் தின்னதுக்குப் பாவம் கெடையாது. நீ தெரிஞ்சா குடுத்த?" அம்மா முன்னறைச் சுவரில் இருந்த முருகன் படத்தை இங்கிருந்தே பார்த்தாள். "இத்தன நாளா ஒனக்கும்லா ஊட்டிருக்கேன்" என்று வாய்க்குள் சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய், "கடை அடைச்சிருக்கு அத்தான்" என்றாள். கணவனின் அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பெரியப்பா அதற்காக வருத்தப்படவில்லை. சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டபடி, "ஏலே, குடும்பத்த இங்கனயே வச்சுக்கோ. வீடு சுத்தமா இருக்கு, பிள்ளையும் நல்லாப் படிக்குது. ஊர்ல எவனும் எதுவும் சொன்னா நான் பாத்துக்கிடுதேன்" என்று அப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புறப்படும்போது பெரியப்பா தன் பையைத் திறந்து காட்டினார். "நேத்து மிஞ்சினத நானே பொட்டலங் கட்டி வச்சுக்கிட்டேன். நாலஞ்சு இருக்கு. சாமிக்கு அது போதும்லா" என்று சிரித்தார். அவர் சிரித்தும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் சொன்னது எனக்கே தெரிந்தது. பெரியப்பா ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். அந்தக் கணத்தில் அம்மா பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் என் முழு பலத்தோடும் வேண்டிக்கொண்டேன்.

"அத்தான்" என்றாள் அம்மா. "அத வச்சிருங்க. அதுல முட்டை இருக்கு."

தெருவில் யாரோ குடத்தைக் குழாயடியில் வைத்தார்கள். பெரியப்பா பொட்டலத்தை எடுத்து வாசல்படியில் மெதுவாக வைத்தார். செம்புத் தண்ணீரை வாங்கி வாய் கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார்.

"எப்பந் தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான்."

"கடை அடைச்சிருக்குன்னியே?"

"பொய்தான் சொன்னேன்."

"இப்ப ஏன் சொல்லுத? சொல்லாட்டி எனக்குத் தெரியவா போவுது?"

"சாமிக்கு வைக்கேன்னு சொன்னீகளே, அதான்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தோம். கத்தவில்லை. "ஒன் மேல குத்தமில்ல" என்றார் நிதானமாக. "நமக்கே தெரியாம இவ்வளவு உள்ள போயிருக்கு பாத்தியா. இந்த ஊரு நமக்கு ஒத்துவராது. பிள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் வந்திருங்க." அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

பரீட்சை முடிந்ததும் நாங்கள் வந்துவிட்டோம். அப்பா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஊருக்கு வந்துபோனார், வயிற்றுப்புண்ணோடு ஓய்வு பெறுகிறவரை. பெரியப்பா அம்மாவிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்தார். "இவ பொய் சொன்னாலும் அரை நாளுக்கு மேல தாங்காது" என்று எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். ஊரே அம்மாவைக் கொடுத்துவைத்தவள் என்றது. எனக்கு அந்தச் சாவிக்கொத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன வருசம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போனபோது அந்தத் தெருவைத் தேடினேன். ரொட்டிக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எங்கள் வீடும் திரேசக்கா வீடும் சேர்ந்து ஒரே அடுக்குமாடியாகிவிட்டன. குழாயடி எங்கே இருந்தது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. திரேசக்காவின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

திரும்பி வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கண் சரியாகத் தெரியாமல் கட்டிலோடு இருக்கிறாள். அத்தனை வருசம் கழித்து, கேட்கத் துணிந்து, "அன்னைக்குச் சாமிக்குப் பயந்துதானேம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"சாமி என்னளா, அது வாராவாரம் நம்ம வீட்ல தின்னுச்சு, ஒரு கொறையும் சொல்லல" என்றாள். "அத்தான் என்னைய நம்பிக் கேட்டு வாங்கித் தின்னாக. பையில வேற பத்திரமா எடுத்து வச்சிருந்தாக. அதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க?"

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தபோது, "அதுக்காவ எங்க ஊர விட்டுட்டு வந்தேன் பாரு" என்றாள்.

அவள் பிறந்தது இந்த ஆற்றங்கரையில், வாழ்க்கைப்பட்டதும் இங்கேதான், தூத்துக்குடியில் இருந்த அந்த ஒரு வருசச் சொச்சம் போக, எண்பது வருசமாக இங்கேதான் இருக்கிறாள். நான் போர்வையைச் சரிசெய்து மூடிவிட்டு, விளக்கை அணைத்தேன்.