பியேரா கடையில் ஒரு யன்னலோர மேசை

கால் வைக்காத ஊரில், கண்ணால் காணாத கடையில், வாயில் வைக்காத சாப்பாடு எப்படி இருக்கும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கலாம் என்றால், அது பயண ஏஜென்சி வேலை ஒன்றில்தான். கவுண்டருக்குப் பின்னால் இருந்து ஊராரின் விடுமுறையை ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு, தன் லீவுக்கு வீட்டில் நின்று உடுப்புத் தோய்த்த எல்லாருக்கும் இந்தக் கதை விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

2014இல் நியூசிலாந்தில், ஒடாஹுஹு பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஏஜென்சியில் சேர்ந்தேன். முதலாளி பெவ், இந்த நாட்டுக்காரி. சமோவாவுக்கும் பீஜிக்கும் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தவர். சனம் போனிலேயே டிக்கெட் எடுக்கத் தொடங்கியதும் அவர் ஒரு முடிவெடுத்தார். இத்தாலியின் வடமேற்கு மூலையில், அந்தந்த ஊர்ப் பழைய சமையலைத் தேடிப் போய்ச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்குப் பயணம் போட்டுக் கொடுப்பது என்று. என்னை எடுத்த காரணம், எனக்கு இத்தாலியன் வரும். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு இங்கே வந்து சேருவதற்கு இடையில், தென் சுவிஸில் அண்ணன் வீட்டில் பதினொரு மாதம் இருந்தேன். அங்கே சனம் கதைப்பது இத்தாலியன்தான். அண்ணன் வீட்டு பல்கனியில் நின்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரியும். போக விசா இல்லை. பதினொரு மாதமும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சாப்பிட்டாயா?

என் முதல் வாடிக்கையாளர் கிரஹாம். பக்கத்தில் மங்கரேயில் வீடு. விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பியேரா என்ற பெண் நடத்துகிற சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொன்னேன். லாங்கே என்கிற திராட்சை மலைகளுக்குள் ஒரு கிராமம், பதினொரு மேசை, மெனு கிடையாது. எல்லாம் பெவ் வைத்திருந்த ஒரு காகிதத்தில் வாசித்தது. கிரஹாம் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ அங்கே சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

எங்கள் சனத்திடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தாலும் "ஓம், சாப்பிட்டாச்சு" தான். கேட்டவருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது. அதைப் பொய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, மரியாதை என்றுதான் பழக்கினார்கள். கேள்வி இங்கிலீஷில் வந்தும் பழக்கதோஷத்தில் வாய் முந்திவிட்டது. சாப்பிட்டேன் என்றேன். எங்கே இருந்து சாப்பிட்டாய் என்றார். யன்னலோர மேசையில் என்றேன். வெளியே என்ன தெரிந்தது என்றார். அண்ணன் வீட்டு பல்கனி மலையைத் தூக்கிக்கொண்டு போய் பியேரா கடை யன்னலில் வைத்தேன். காலைப் பனிப்புகார், அதற்குள் மங்கலாக ஹேசல்நட் மரங்கள், புகார் கலைந்தால் நீல மலை. சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் குளிர் கன்னத்தில் பட்டது. அவர் அன்றைக்கே முன்பணம் கட்டினார்.

பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெவ், அடுத்த கிழமை வந்த பிரசுரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: எங்கள் தேவி இந்த மேசைகளில் இருந்து சாப்பிட்டவர். பிடிபட்டால் வேலை போவது ஒரு பக்கம். என்னை நம்பி அவ்வளவு தூரம் போய் வந்த மனிசரின் முகத்தில் எப்படி முழிப்பது? இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பெவ் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இனி இந்தத் தொழில் முழுக்க உன் வாயை நம்பித்தான், தேவி."

காலை எட்டரை, மாலை ஆறரை

சொன்ன பொய்க்குச் சோறு போட வேண்டுமே. ஒஃபீஸ் மூடிய பிறகு, மாலை ஆறரைக்கு, பியேராவுக்குப் போன் எடுப்பேன். அங்கே காலை எட்டரை. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பேன். அவர் மா பிசைந்துகொண்டே சொல்லுவார். இருபத்தைந்து முட்டையின் மஞ்சள்கரு, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பிசைந்து இடியப்ப இழை மாதிரி மெல்லிசாகக் கத்தியால் வெட்டுகிறது. அதற்குத் தயரின் என்று பேர். மாட்டிறைச்சி முதல் நாளே சிவப்பு வைனில் ஊறப் போட்டாயிற்று. குளிர் தொடங்கினால்தான் பாஞ்ஞ கவுட. வெள்ளுள்ளியும் நெத்தலி மாதிரி ஒரு உப்பு மீனும் எண்ணெயில் கரைந்து கொதிக்க, சின்ன மண்சட்டியை மெழுகுதிரிக்கு மேல் வைத்து, மரக்கறியைத் தோய்த்துச் சாப்பிடுகிறது.

கீழே பஸ்கள் மழையில் வந்து வந்து போகும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த அடுப்படியில் நிற்பேன். தென்னங்கீற்றும் பனங்காணியும் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு நாளும் போகாத ஒரு மலைக் கிராமத்தின் உள்ளி வாசம் எப்படி மூக்கில் ஏறியது என்று கேட்காதீர்கள், ஏறியது. "எப்ப வருகிறாய்?" என்று முடிவில் பியேரா கேட்பார். அடுத்த வருஷம் என்பேன். என் மனுசன் சிவநேசன் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் கதைக்கமாட்டார். ஒரு நாள் காலைத் தேத்தண்ணியோடு சொன்னார்: "இஞ்சேரும், ராத்திரி நித்திரையிலை ஆருக்கோ ரெண்டு பேருக்கு மேசை புக் பண்ணினீர், அது நாங்கள் ரெண்டு பேருமாக இருந்தால் நல்லம்."

ஐந்தாவது தட்டு

ஆரோக்கியசாமியும் மனைவியும் மலேசியத் தமிழர்கள். அவர் பல் வைத்தியர். "தேவி சாப்பிட்ட இடம்" என்று பிரசுரத்தில் பார்த்துப் பியேரா கடைக்கே போனார்கள். அந்தப் பக்கத்து வழக்கம், சாப்பாடு தொடங்க முன்னமே சின்னச் சின்னத் தட்டாக ஐந்தாறு வரும். கத்தியால் கொத்திய பச்சை இறைச்சி, மீன் சோஸ் போட்ட குளிர்ந்த இறைச்சித் துண்டு, சுட்ட குடைமிளகாய், லீக்ஸ் புடிங், உள்ளுக்குள் அடைத்துச் சுட்ட வெங்காயம். யாருடைய தட்டு வெறுமையாக இருக்கிறதோ, அவருக்குப் பாத்திரத்தோடு திரும்ப வந்து வைப்பார்கள்.

மற்ற நாட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துவிட்டு மிச்சம் வைத்துத் தப்பிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் விருந்துக்குப் போன இடத்தில் மிச்சம் வைப்பார்களா? ஒவ்வொரு தட்டையும் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். துடைக்கத் துடைக்க வந்திருக்கிறது. ஐந்தாவது தட்டோடு அந்த அம்மா கதிரையில் சரிந்துவிட்டார். உண்மையான சாப்பாடு, அந்தத் தயரின், வந்தபோது இரண்டு பேரும் அதைப் பார்த்துக் கும்பிடாத குறை.

இதை முன்னமே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. போனில் பியேரா என்ன சமையல் என்றுதான் சொன்னாரே தவிர, எப்படிப் பரிமாறுகிறது என்று நான் கேட்கவில்லை. அங்கே சாப்பிட்ட ஒரு ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா? அன்றிலிருந்து பியேராவிடம் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். முதல் தட்டுகளில் மிச்சம் வையுங்கள். மெனு கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன என்று கேளுங்கள். ஞாயிறு மத்தியானம் குடும்பம் குடும்பமாக உள்ளூர்ச் சனம் போகிற கடைக்குப் போங்கள், படம் போட்ட பலகை வாசலில் வைத்த கடையைக் கடந்து போங்கள். பன்னிரண்டரைக்கு மேசையில் இருங்கள். ஓகஸ்டில் பாதிக் கடை பூட்டு. இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகும், அன்றைக்கு ஆரோக்கியசாமி திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "நீங்க அங்க போயி சாப்ட்டேன்னு சொன்னீங்க, ஆறு தட்டு வரும்னு மட்டும் ஏன் சொல்லல லா?"

கடலைமா

பியேராவின் மலையில் இருந்து கீழே இறங்கினால் லிகூரியா கடற்கரை. அங்கே காலையில் விறகடுப்புக் கடைகளில் பெரிய செம்புத் தட்டில் ஃபரினாட்டா என்று ஒரு தட்டை ரொட்டி சுடுவார்கள். கடலைமா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஆரோக்கியசாமி கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒன்றையாவது உண்மையில் வாயில் வைத்துவிட்டுக் கதைப்போம் என்று வீட்டு ஓவனில் சுட்டு ஒஃபீஸுக்குக் கொண்டுபோனேன்.

பெவ் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கடல் தெரிகிறது என்றார். எனக்கும் தெரிந்தது, ஒரு நிமிஷம். எங்களோடு வேலை செய்த தூத்துக்குடி ஸ்டெல்லா மட்டும் இரண்டாவது துண்டையும் நிதானமாக மென்று முடித்துவிட்டு, என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பெருங்காயம் உங்களைக் காட்டிக் குடுத்துரும்."

யன்னல்

முன்பணம் கட்டிய கிரஹாம் உடனே போகவில்லை. இடுப்பு மாற்ற வேண்டி வந்து, ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டார். காத்திருந்த நேரத்தில், நான் சொன்ன யன்னலை நினைத்துக்கொண்டு மாலை வகுப்பில் இத்தாலியன் படித்தாராம். ஒரு வழியாக 2016இல் போய் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை படியேறி மேலே வந்தார். பெவ் வெளியே போயிருந்தார்.

கையில் ஒரு பை ஹேசல்நட். பியேரா தந்துவிட்டதாம். நியூசிலாந்து என்றதும், தேவி எப்படி இருக்கிறாள் என்று பியேரா கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாகப் போன் எடுக்கிறாள், ஒரு நாளும் வரவில்லை, வந்தால் இருக்க ஒரு கதிரை எப்பவும் இருக்கிறது என்று சொல்லு என்றாராம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிப்பார் என்று பார்த்தேன். கிரஹாம் ஹேசல்நட் பையை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அது நிலத்துக்குக் கீழே பழைய வைன் நிலவறை, தேவி, ஒரு யன்னல்கூட இல்லை, ஆனால் நீ சொன்ன யன்னலைத் தேடிக்கொண்டே நான் நன்றாகச் சாப்பிட்டேன்."

அழித்த வரி

கிரஹாம் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கே பெவ்விடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெவ் மிச்சமிருந்த பிரசுரக் கட்டுகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஒரு வரியைக் கறுப்புப் பேனையால் அழித்தார். நானும் பக்கத்தில் இருந்து அழித்தேன். வேலையில் இருந்து நிற்பாட்டவில்லை, ஆனால் இத்தாலி மேசையில் இருந்து சமோவா டிக்கெட்டுக்கு மாற்றினார். பியேராவுக்குப் போனும் எடுக்கவில்லை. ஆறரைக்கு வெறுமனே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அழுகையும் வந்தது, சொல்ல என்ன வெட்கம். கடைசிப் பிரசுரத்தையும் அழித்து முடித்த அன்று பெவ் சொன்னது இதுதான்: "நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, அதே வரியைத் திரும்ப அச்சடிக்கிறேன்."

சாப்பிட்டீர்களா?

2017இல் எனக்கும் சிவநேசனுக்கும் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. அங்கே இலை உதிருகிற காலத்தில் போனோம். பன்னிரண்டரைக்கு மேசையில் இருங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள், பஸ்ஸைத் தவறவிட்டு மூன்று மணிக்குப் போய் நின்றேன். மலையெல்லாம் புகார். ஹேசல்நட் மரங்கள் நான் சொன்ன மாதிரியே மங்கலாக நின்றன. கனவுக்குள் நடக்கிறேனா, ஏற்கெனவே வந்துவிட்டுப் போன ஊருக்குத் திரும்பி வருகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. படி இறங்கினால், கதிரைகளை மேசைக்கு மேல் கவிழ்த்து வைத்து நிலம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கட்டையான ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குரலைக் கேட்டதும் பியேரா என்று தெரிந்தது. என் குரலைக் கேட்டதும் அவருக்கும் தெரிந்தது. கட்டிப்பிடித்துவிட்டு முதல் கேட்ட கேள்வி, "சாப்பிட்டீர்களா?" பாஷை விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கி, என் மனுசன் பின்னால் இருந்து தலையை ஆட்டி, "யேஸ், யேஸ், சாப்பிட்டாச்சு" என்றார். காலையில் இருந்து அந்த மனிசன் தின்றது ஒரு துண்டுப் பாண். என் வாயிலும் அதேதான் வந்து நின்றது. அடுப்பு அணைத்துவிட்டார்கள், நிலம் கழுவுகிறார்கள், கரைச்சல் கொடுக்கலாமா? அதை விழுங்கினேன். "இல்லை" என்றேன். "மூன்று வருஷமாகச் சாப்பிடவில்லை."

பியேரா ஒரு மேசையில் இருந்து இரண்டு கதிரைகளை இறக்கி, துணியால் துடைத்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கிரஹாம் சொல்லியிருக்கிறார். சிரிக்காமல் சொன்னார்: "அப்படியென்றால் இருங்கள், யன்னல் மட்டும் இல்லை."

ஆறு தட்டையும் மிச்சம் வைக்காமல் துடைத்து, தயரின் வந்தபோது மூச்சுவிடவும் இடமில்லாமல் இருந்த நான், இப்பவும் மங்கரேயில் யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டாச்சோ என்று கேட்டால், வெறும் வயிற்றோடு "ஓம்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.