போர்வையோடு நின்ற படம்

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு நாங்கள் துபாயிலிருந்து அனுப்பிய போர்வைகள் எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. நனைந்த முக்காட்டோடு ஒரு பெண், போர்வைக்குக் கை நீட்டி நிற்கிறாள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோதும் வெள்ளாறு ஊருக்குள் வந்தது. எங்கள் மண்சுவர் இடிந்தது. வீடெல்லாம் சேறு, ஊறிய நெல்லின் புளித்த வாடை. அத்தா குவைத்தில் இருந்தார். அங்கிருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து உதவி அனுப்பினார்கள். அத்தாவும் தன் பங்கைக் கொடுத்திருந்தார். ஊரில் போர்வை கொடுத்தவர் அம்மாவைக் கேமரா முன்னால் நிறுத்தி, "முக்காட்டத் தள்ளி, கைய நல்லா நீட்டும்மா" என்றார்.

அந்தப் படம் குவைத்தில் அத்தா தங்கியிருந்த அறைக்கே போனது. கூட இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அத்தா போனில் கத்தினார்.

"ஏன் போயி நின்னே?"

"நிக்காட்டி போர்வை கெடையாதுன்னுட்டாங்க மச்சான். புள்ளைங்க நடுங்குதுங்க. நீங்க அனுப்புனத வாங்க நான் ஏன் கையேந்தணும்? அத அவங்களக் கேளுங்க."

அத்தா அவர்களைக் கேட்கவில்லை. அம்மாவோடுதான் ரொம்ப நாள் பேசாமல் இருந்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது வாட்ஸ்அப் குழுவின் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பொண்ணு படத்தக் குழுவுலேருந்து எடுத்துடுங்கண்ணே."

"குடுத்தவங்களுக்குக் காட்டணும்ல தங்கச்சி?"

"போர்வையக் காட்டுங்க. அவங்க மூஞ்சி எதுக்கு?"

படத்தை எடுத்துவிட்டார். மறுநாள் குழுவிலிருந்து என்னையும் எடுத்துவிட்டார்.