ரூபியம்மாவுக்கு நான் பூட்டிய வீடு

ஐயாவின் குரல்செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. நாள் தப்பி வந்திருக்கிறதே என்பதைத்தான் முதலில் கவனித்தேன். மலேசியாவுக்குத் திரும்பிப் போன பிறகும் ஐயாவும் ரூபியம்மாவும் திங்கட்கிழமை சாயங்காலம் மட்டுமே எனக்குப் பேசி அனுப்புவார்கள். இங்கே கொல்லிமலையில் சபை ஊழியத்தில் இருந்த நாட்களிலும் திங்கட்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு. ஐயா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அம்மா அதை முடித்துவைப்பார். அன்று ஐயா, “பாப்பா, அம்மா வந்து...” என்று நிறுத்தினார். முடித்துவைக்க யாரும் வரவில்லை.  பிறகு அவரே, “நேத்து சாயங்காலம் போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்” என்றார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. அவர்கள் சபையில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். “மலையிலிருந்து நீ ஒண்ணு எழுதி அனுப்பு. எழுத வராதுன்னு சொல்லாத. அம்மாவை அங்க உன்னைவிட அதிகமா யாரும் பார்த்ததில்லை” என்று சொல்லியிருந்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் வராது. ஐயா கேட்டதால் எழுதுகிறேன். முழுவதும் வாசித்த பிறகு, ஏன் கேட்டோம் என்று அவர் வருத்தப்படலாம்.

ரூபியம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்தியவர். அவருடைய கணவர் யோவான் ஐயா அதே ஊரில் பள்ளி பஸ் ஓட்டியவர். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு, வயதான காலத்தில் ஒன்றரை வருடம் ஊழியம் செய்வதற்காகக் கொல்லிமலைக்கு வந்தார்கள். வந்த அன்றைக்கு அம்மா தன் மலேசியப் பேச்சில் சொன்ன முதல் செய்தியே, “நாப்பது வருசம் பஸ் ஓட்டினவருக்கு உங்க ரோட்டுல வாந்தி லா!” என்பதுதான். ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டே, “நான் ஓட்டலையே, அதான்” என்றார்.

அவர்களுக்கு வழி காட்டவும், அம்மாவுக்குக் குடையும் பையும் எடுத்துவரவும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். அது அவர்களுக்குத் தெரியும். ஒரு நாளும் என்னை ஜெபிக்கச் சொன்னதில்லை. காலையில் போய் நின்றதும் அம்மா கேட்பது ஒன்றுதான்: “பசியாறியாச்சா?” இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஆமாங்க என்பேன். அவர் நம்பாமல் தட்டை நீட்டுவார்.

அவர்களுடைய வாரம் கடிகாரம் மாதிரி நடக்கும். திங்கட்கிழமை துணி துவைத்து, பேரப்பிள்ளைகளோடு பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை தேவனூர் நாட்டுப் பக்கம் வீடு வீடாகப் போவோம்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். புதன்கிழமை ஐயா ஜெப வீட்டில் குழாயையும் பெஞ்சையும் சரி செய்வார். வியாழக்கிழமை பஸ் ஏறிச் சோளக்காட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை குண்டனி நாட்டுப் பக்கம். சனிக்கிழமை கூட்டிப் பெருக்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பத்துப் பதினொரு பேர் வருவார்கள். பாதிப்பேர் அம்மா போடும் டீக்காக வந்தவர்கள் என்பதை அம்மாவே சொல்லிச் சிரிப்பார். இருவரும் எங்கேயும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அவர்களுடைய சபை விதி. ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவும் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஐயாவுக்கு மூட்டு வலி என்பதால், ஒவ்வொரு மேட்டுக்கும் நான் முன்னால் ஏறிப் போய் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவந்து சொல்வேன். இருந்தால் அவர்கள் ஏறுவார்கள். பல வீடுகளில், “இல்லைன்னு சொல்லிரு கண்ணு. வேலை கெடக்குது” என்று என்னிடமே சொல்லி அனுப்புவார்கள். நானும் இறங்கி வந்து, “காட்டுக்குப் போயிட்டாங்களாம்ங்க” என்பேன். ஒரு தடவை அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “கூரையில புகை வருது. அடுப்பு தானா எரியுதா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “சரி லா. இல்லைன்னு சொல்லி அனுப்புறதும் ஒரு மரியாதைதான். நாயை அவுத்து விடலையே” என்று என் தோளைத் தட்டினார்.

அவர்களை உண்மையிலேயே எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரு வீடுதான். மிளகுக் கொடிகளுக்கு நடுவே தனியாக இருக்கும் செல்லம்மா அக்கா வீடு. கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாய்க் காட்டைப் பார்ப்பவர். ஒரே மகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மா அங்கே போனால் பைபிளைப் பையிலிருந்து எடுப்பதற்குள் மிளகு உதிர்க்க உட்கார்ந்துவிடுவார். மிளகு காயும் களத்துக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டார்.

“ஏனுங்க்கா, கடல் தாண்டி வந்து எங்கூட்டு மொளகு உதுக்கறீங்களே. உங்க சபையில கேக்க மாட்டாங்களா?” என்பார் செல்லம்மா அக்கா.

“கேட்டா நீ பதில் சொல்லு லா.”

“நான் எதுக்குலா சொல்லோணும்?”

அம்மாவின் அந்த ‘லா’வை அக்கா வாயில் கேட்டு ஐயா வரக்காப்பியைச் சிந்தும் அளவுக்குச் சிரிப்பார். ஒரு நாள் இறங்கி வரும்போது அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “ஒரு வாரத்துக்கு எனக்கு இந்த ஒரு வீடு போதும்.”

போன மே மாதம் செல்லம்மா அக்காவின் மகள் கோகிலா லீவுக்கு வந்திருந்தாள். என்னோடு படித்தவள். என்னைப் பார்த்ததும், “அடியே, நீயா! இப்ப எந்த ஸ்கூல்ல இருக்கற?” என்று ஓடிவந்தாள். என் கையில் குடை இருந்தது, தோளில் அம்மாவின் பை. குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அம்மா பெருமையாக, “எங்களுக்கு இவதான் எல்லாம். இவ இல்லைன்னா நாங்க ஒரு வீடு ஏற முடியாது” என்றார். கோகிலா, “ஓ” என்றாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ‘ஓ’ ஒரு வாரம் எனக்குள்ளேயே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களைக் கீழே வளைவில் நிற்கவைத்துவிட்டு ஏறினேன். பலாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோகிலா வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே செல்லம்மா அக்கா டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. நான் கூப்பிடாமல் இறங்கிவந்து, “ஊடு பூட்டிருக்குதுங்க” என்றேன்.

வளைவிலிருந்து பார்த்தால் அந்த வீடு தெரியாது. புகையும் தெரியாது. அதற்கடுத்த வாரமும் பூட்டு என்றேன். மூன்றாம் வாரம் அம்மா பயந்துவிட்டார். “உடம்பு சரியில்லையோ? யாருகிட்டயாவது கேட்டுப் பாரும்மா.” அவர் கேட்டதும் சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். “மகளோட கீழ சேந்தமங்கலம் போயிட்டாங்களாம்ங்க. இனி அங்கயேதான் இருப்பாங்களாம்.”

அம்மா வழியிலிருந்த கல்லில் உட்கார்ந்தார். “நல்லது. பிள்ளையோட இருக்கட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஐயாவைப் பார்த்து, “இனிமே யாரு வீட்டுக்குங்க போறது?” என்றார். ஐயா என்னிடமிருந்து குடையை வாங்கி அவருக்குப் பிடித்தார்.

ஜூன் மாதம் கோகிலா விடுதிக்குப் போய்விட்டாள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவேன். அந்த வளைவு வந்ததும் வேறு பாதையில் திரும்பிவிடுவேன். ஒருமுறை நான் மட்டும் சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மலேசியாக்கா ஏங் கண்ணு வாரதே இல்ல? நான் பாட்டுக்குக் கிண்டல் பேசிட்டே இருப்பன். அது மனசுல பட்டுப்போச்சா?” என்று கேட்டார். “தெரியலீங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அது எங்கள் ஊர் பஸ்கூட இல்லை.

ஜூலைக் கடைசியில் அவர்கள் புறப்பட்டார்கள். அம்மா வேனில் ஏறும் முன் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “உன்னை நம்பித்தான் இந்த மலையில நடந்தேன்” என்றார். அதற்கு நான் கண்ணீர் விட்டதைப் பிரிவின் துயரம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

என்னை யாரும் அதட்டியதில்லை, வேலை வாங்கித் துன்புறுத்தியதில்லை. கோகிலா முன்னால் குடையோடு நின்றபோது எனக்கு வந்ததை எல்லோரும் செல்லமாக வெட்கம் என்பார்கள். அந்த வெட்கத்தால் நான், ஒரு வயதான அம்மா வாரம் முழுவதும் எதிர்பார்த்திருந்த ஒரே வீட்டைப் பூட்டினேன். அவரும் செல்லம்மா அக்காவும், மற்றவர் தன்னை விட்டுப் போய்விட்டதாக நினைத்தார்கள். நடுவில் நின்றவள் நான். ரூபியம்மா, நீங்கள் எங்கள் மலைக்கு வந்தீர்கள், எங்கள் களத்தில் உட்கார்ந்தீர்கள், சொன்ன சொல்லை நம்பினீர்கள். போய் வாருங்கள். மன்னியுங்கள் என்று கேட்கும் உரிமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு, ஈப்போவில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்கு முன் செல்லம்மா அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. நேற்று அங்கே போனேன். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முதலில் அம்மா இறந்ததைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தக்கா சாகறவரைக்கும், நான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன்னே நெனச்சுதா?”

“ஆமாங்க.”

“அந்த ஐயா?”

“அவரும்தாங்க.”

“எனக்கு வந்து சொன்னே, சரி. அந்த மனுசனுக்குச் சொல்லு மொதல்ல” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் இதுவரை ஐயாவைக் கூப்பிட்டதே இல்லை. அவர்கள் அனுப்பும் குரலுக்கு எழுத்தில்தான் பதில் போடுவேன். களத்தின் ஓரத்துக்குப் போய் நின்று எண்ணை அழுத்தினேன். ஐயா எடுத்தார். செல்லம்மா அக்கா எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன்.